கிணறு சவர்க்கிறதா? நிலவை விடுங்கள், மோட்டரைப் பாருங்கள்

மாசி, பங்குனி மாதங்களில் வெள்ளவத்தையின் கடற்பக்க ஒழுங்கைகளிலிருந்து வரும் கேள்வி அநேகமாக ஒன்றுதான். “தை மாதம்வரை நன்றாயிருந்த கிணறு இப்போது சவர்க்கிறது. போயாவுக்குக் கடல் பெருகியதாலா?” கொட்டாஞ்சேனைக்காரரின் கேள்வி வேறு. “எங்களுக்கும் கடலுக்கும் நடுவில் துறைமுகமே கிடக்கிறது. குழாய்த்தண்ணீரில் எப்படி உப்பு வந்தது?” இரண்டும் உப்பைப் பற்றியவைதான். ஆனால் உப்பு வரும் வழி இரண்டிலும் வேறு, செய்யவேண்டியதும் வேறு. முதலில் வெள்ளவத்தையை எடுத்துக்கொள்வோம்.

போயாவைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நமக்கு எளிது. பூரணை நாளை நினைவூட்ட இந்த நாட்டில் விடுமுறையே இருக்கிறது. பூரணைக்கும் அமாவாசைக்கும் ஓரிரு நாள் கழித்துக் கடலின் ஏற்ற இறக்கம் அதிகமாக இருக்கும். அட்டமியை ஒட்டிக் குறைந்திருக்கும். இதுவரை சரி. ஆனால் கொழும்புக் கரையில் அந்த உச்ச வற்றுப்பெருக்கின் அளவு எவ்வளவு? ஏறத்தாழ 60, 70 சென்றிமீற்றர்தான். குஜராத்தின் பவநகர்க் கரையில் இது 10 மீற்றர்வரை போகிறது. நம்முடைய கடல் இந்த விடயத்தில் மிகவும் அடக்கமான கடல்.

அந்தச் சிறிய ஏற்றமும் மணலுக்குள் நுழைந்ததும் தேய்ந்துவிடும். ரயில் பாதையை ஒட்டிய வீட்டுக் கிணற்றில், கடல் பெருகிச் சில மணிநேரம் கழித்து, நீர்மட்டம் சில சென்றிமீற்றர் உயர்வதை அளக்க முடியும். காலி வீதிக்கு வருவதற்குள் அது ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். இன்னொன்றும் உண்டு. உயர்வது நீர்மட்டம், உப்பு அல்ல. கடலின் அழுத்தம் மணலிலுள்ள நன்னீரைப் பின்னிருந்து தள்ளுவதால்தான் கிணறு உயர்கிறது. உப்புநீர் மணல் இடுக்குகளில் மிக மெதுவாக நகரும். ஆறு மணிநேரத்தில் கடல் திரும்பி வற்றத் தொடங்கிவிடுவதால் வந்த சிறு தூரமும் பெரும்பாலும் திரும்பிப் போய்விடும். எனவே ஒரே இரவில் கிணறு சவர்த்துவிட்டது என்று யாராவது சொன்னால், அதை அந்த இரவுக்கு முந்திய இரண்டு மூன்று மாதக் கணக்காகப் பார்ப்பதே என் வழக்கம்.

நிலத்தடியில் நடப்பதைப் பழைய கண்ணாடி விளக்கை வைத்து விளக்கலாம். கீழே தண்ணீர், மேலே எண்ணெய். கடற்கரை மணலில் கீழே கடல்நீர் இருக்கும், அதன்மேல் மழைநீர் மிதக்கும். எண்ணெயைப் போல இது கலக்காமலே நிற்காது. நடுவில் சவர்நீர்ப் படை ஒன்று இருக்கும். நன்னீர் ஒரு லீற்றர் ஒரு கிலோ என்றால் கடல்நீர் ஏறத்தாழ 1.025 கிலோ. இந்தச் சிறு வித்தியாசத்தில்தான் எல்லாமே தங்கியிருக்கிறது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீற்றர் ஆழம்வரை நன்னீர் நிற்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்துப் பொறியியலாளர் பாடன் கைபனும், 1901இல் ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியாகக் கண்டு சொன்ன கணக்கு இது. வெள்ளவத்தையில் மணல் அவ்வளவு ஆழத்துக்குக் கிடையாது, கீழே கபுக் கல்லும் சிதைந்த பாறையும் வந்துவிடும். இருந்தாலும் கணக்கின் பொருள் மாறாது: மேலே ஒரு பங்கு குறைந்தால் கீழே நாற்பது பங்கு போகும்.

இனி மோட்டருக்கு வருவோம். நீங்கள் ஓர் அரை மணிநேரம் மோட்டர் போட்டுக் கிணற்று மட்டத்தை 10 சென்றிமீற்றர் இறக்குகிறீர்கள். அந்த இறக்கம் நிலைத்து நின்றால், அதே கணக்கின்படி கீழேயுள்ள உப்பு 4 மீற்றர் மேலேறப் பார்க்கும். அரை மணிநேரத்தில் ஏறாது. நிறுத்தினால் மட்டமும் மீண்டுவிடும். ஆனால் ஆறு மாடித் தொடர்மாடியின் மேல்தாங்கியை நிரப்ப நாள் முழுதும், மாதக் கணக்காக இறைத்தால் ஏறும். ஏறிய உப்பு, மோட்டரை நிறுத்தியதும் இறங்கிவிடாது. ஏற வாரங்கள் எடுத்தால் இறங்க மாதங்கள் எடுக்கும், அதுவும் மழை வந்தால்தான்.

வெள்ளவத்தையில் குடியிருப்போரில் பலருக்கு யாழ்ப்பாணத்துக் கிணற்று ஞாபகம் இருக்கும். துலாவால் அள்ளிய காலத்தில் கிணற்றின் மேற்பரப்பிலிருந்து மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் போனது. தோட்டங்களுக்கு இயந்திரம் வந்த பிறகே பல ஊர்களில் உப்புப் பேச்சு பெரிதாகியது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீர், ஆழத்தில் உப்பு என்பது எல்லோரும் அறிந்தது. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. அங்கே சுண்ணக்கல்லின் குகைகளும் துளைகளும் வழியாகக் கடல் வெகுதூரம் உள்ளே வர முடியும். இங்கே மணலும் கபுக்கும் அதைத் தடுத்து நிறுத்தும். ஆகவே ஊரில் பார்த்த அனுபவத்தை இங்கே அப்படியே பொருத்தாதீர்கள். ஒன்றை மட்டும் பொருத்தலாம்: மேலிருந்து, மெதுவாக, கொஞ்சமாக அள்ளுங்கள்.

இதை வேலையாகச் சொன்னால்: மோட்டரின் உறிஞ்சு குழாய் முனை கிணற்றின் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதை உயர்த்துங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே இரண்டடி மூன்றடி போதும். மட்டம் இறங்கினால் மோட்டர் காற்றிழுக்கும் என்று பயந்தால் மிதவைச் சுவிட்ச் ஒன்று பொருத்துங்கள். மூன்று மணிநேரம் ஒரேயடியாக இறைப்பதைவிட, இருபது நிமிடம் இறைத்து ஒரு மணிநேரம் விடுவது நல்லது. தொடர்மாடிக்கு வேலை பார்ப்பவர்கள் பெரிய குதிரைவலு மோட்டரைத்தான் சிபாரிசு செய்வார்கள். கடற்கரைக் கிணற்றுக்குச் சிறிய மோட்டரே பொருத்தம். கிணறு சவர்த்ததும் இன்னும் ஆழமாகத் தோண்டிப் பார்ப்போம் என்பது அறவே கூடாத யோசனை. ஆழத்தில் இருப்பது உங்களுக்கு வேண்டாத நீர்.

பருவத்தைப் பற்றிச் சொல்கிறேன். கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை. மே, ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மாதமொன்றுக்கு 300 மில்லிமீற்றருக்கு மேலே பெய்யும். ஜனவரியும் பெப்ரவரியும்தான் மிக வறண்டவை. ஜூலை, ஓகஸ்ட் மாதங்களிலும் மழை சற்று ஓயும். நிலத்தடி நீர் வானத்தைப் பிந்தித்தான் பின்தொடரும். மழை ஓய்ந்த பிறகும் சில வாரம் கிணறு தாங்கும், மழை தொடங்கிய பிறகும் சில வாரம் சவர்க்கும். மாசி, பங்குனியில் முறைப்பாடு வருவதற்கு இதுதான் காரணம். சித்திரை இடிமழையில் இரண்டு நாள் நனைந்ததும் கிணறு தேறவில்லையே என்று கவலைப்படாதீர்கள். வைகாசி முடியட்டும்.

ஆனால் ஒரு கேள்வி: பெய்கிற மழை நிலத்துக்குள் போகிறதா? முன்பு வெள்ளவத்தை வீடுகளுக்கு முன்னால் மணல் முற்றம் இருந்தது. இப்போது மதிலிலிருந்து மதில்வரை சீமெந்து, வாகனம் நிறுத்த ஓடு. மழை வடிகாலுக்கு ஓடி, வெள்ளவத்தைக் கால்வாயால் கடலுக்குப் போய்விடுகிறது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2010களின் தொடக்கத்தில் கொழும்பு நகரின் குழாய்நீரில் ஏறக்குறைய பாதி வருமானமாக மாறவில்லை. அதில் பெரும்பகுதி பழைய குழாய்களிலிருந்து கசிந்தது. அந்தக் கசிவு நகரத்துக் கிணறுகளுக்கு ஓசியில் ஊட்டமளித்து வந்தது. குழாய்களைச் செப்பனிடுவது மிகச் சரியான வேலைதான். அதன் விலையில் ஒரு பங்கைக் கிணறுகள் கொடுக்கின்றன.

அந்த நட்டத்தைக் கூரை ஈடுசெய்யும். 100 சதுர மீற்றர் கூரையில் 2,400 மில்லிமீற்றர் மழை என்றால் ஆண்டுக்கு 240,000 லீற்றர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 190,000 லீற்றருக்கு மேல் மிஞ்சும். பீலி போட்டு, முதல் பத்து நிமிட மழையை வெளியே விட்டுவிட்டு, மிகுதியைச் சரளையும் மணலும் நிரப்பிய உறிஞ்சு குழிக்குள் இறக்குங்கள். நேரே கிணற்றுக்குள் விடாதீர்கள். காகத்தின் எச்சமும் கூரைத் தூசும் கூடவே வரும். மலக்குழிக்கும் உறிஞ்சு குழிக்கும் இடையில் இயன்ற அளவு தூரம் வையுங்கள். நகரப் பகுதிகளில் புதிய கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு வேண்டுமென்ற விதி 2009இலேயே வந்துவிட்டது. தமிழ்நாட்டில் 2003இல் கட்டாயமாக்கிச் சென்னையில் வீடு வீடாகச் செய்ய வைத்தார்கள். இங்கே வரைபடத்தில் தாங்கி இருக்கும், கட்டடத்தில் இருக்கிறதா என்று உங்கள் முகாமைக்குழுவைக் கேட்டுப் பாருங்கள்.

அளக்காமல் எதையும் நம்பாதீர்கள், என்னையும் உட்பட. மின்கடத்துதிறன் அளக்கும் சிறிய கருவி இப்போது பேனா வடிவில் மலிவாகக் கிடைக்கிறது. கொழும்பில் நல்ல கிணறு சில நூறு மைக்ரோசீமன்ஸ் காட்டும். கடல்நீர் 50,000 அளவில் காட்டும். 1,000ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் உப்பைச் சந்தேகிக்கலாம். இலங்கைத் தரநிர்ணயப்படி குடிநீரில் குளோரைட் லீற்றருக்கு 250 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. கடல்நீரில் அது சுமார் 19,000. நூறு வாளி நல்ல தண்ணீரில் ஒன்றரை வாளி கடல்நீர் சேர்ந்தாலே எல்லை தாண்டிவிடும் என்று பொருள்.

வாரத்தில் ஒரே நாளில், ஒரே நேரத்தில், மோட்டர் போடுவதற்கு முன் அளந்து நாட்காட்டியிலேயே எழுதுங்கள். கிணற்று விளிம்பிலிருந்து நீர்மட்டம் எத்தனை அடி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மேல்நீரை மட்டும் அளந்தால் பாதி உண்மைதான் தெரியும். கழுத்துக் குறுகிய போத்தலில் கல்லைக் கட்டி, தக்கையை வேறொரு கயிற்றில் கட்டி இறக்குங்கள். அடியில் போனதும் தக்கைக் கயிற்றை இழுத்தால் அடிநீர் நிரம்பும். மேலே 400, அடியில் 2,000 என்று வந்தால் உப்பு உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. இறைப்பைக் குறைக்க வேண்டிய நேரம் அதுவே, வாயில் உப்புத் தட்டும் நேரம் அல்ல.

போயாச் சந்தேகம் இன்னும் தீராதவர்களுக்கு ஒரு பரீட்சை. போயாவுக்கு மறுநாள் மோட்டரை நிறுத்திவைத்து, இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை மட்டத்தையும் கடத்துதிறனையும் அளவிடுங்கள். ஒரு வாரம் கழித்து அட்டமியையொட்டி மீண்டும் அளவிடுங்கள். மட்டம் மட்டும் ஆடி, உப்பு ஆடாவிட்டால் வற்றுப்பெருக்கு குற்றமற்றது. உப்பும் சேர்ந்து ஆடினால், உங்கள் கிணற்றின் அடி ஏற்கெனவே அந்தச் சவர்நீர்ப் படைக்குள் இருக்கிறது. அதைத் தோட்டத்துக்கும் மலசலகூடத்துக்கும் என்று ஒதுக்கிவிடுங்கள். தென்னை தாங்கும், போஞ்சி தாங்காது.

இடையில் இரண்டு மயக்கங்களைத் தீர்த்துவிடுகிறேன். கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவு வந்தாலோ சவர்க்காரம் நுரைக்காவிட்டாலோ அது பெரும்பாலும் சுண்ணாம்பு. உப்பு என்று முடிவுகட்ட முடியாது. கொதிக்க வைத்தால் உப்புப் போய்விடும் என்பதும் தவறு. தண்ணீர் ஆவியாகி உப்பு மிஞ்சும், அதாவது இன்னும் கூடும். கரி வடிகட்டியும் உப்பைப் பிடிக்காது. எதிர்ச்சவ்வூடு பரவல் இயந்திரம் பிடிக்கும், ஆனால் பிரிந்து வெளியேறும் செறிந்த உப்புநீரை உறிஞ்சு குழிக்குள் விட்டீர்களானால் அது உங்கள் கிணற்றுக்கே திரும்பி வரும்.

மழைக்காலத்தில் வேறொரு ஆபத்து இருக்கிறது, உப்பைவிடப் பெரியது. மே மாத மழையில் கிணறு இனிக்கத் தொடங்கும்போது நிலத்தடி மட்டமும் உயர்ந்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்து, கால்வாய் வாயில் மணல் மேடு கட்டி, உச்சப் பெருக்கும் சேர்ந்தால் தாழ்ந்த ஒழுங்கைகளில் வெள்ளம் வடியாது. அந்த நாட்களில் மலக்குழியின் நீரும் கிணற்று நீரும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். உப்புக் குறையும் மாதங்களில்தான் கிருமி கூடும். நாக்கு உப்பைச் சொல்லும், கிருமியைச் சொல்லாது. ருசிக்கிறது என்பதற்காக ஆனி மாதத்தில் கிணற்றுநீரைப் பச்சையாகக் குடிக்காதீர்கள். ஆண்டுக்கு இரண்டு முறையாவது, பங்குனியில் குளோரைட்டுக்கும் ஆனியில் கிருமிக்கும் நைத்திரேற்றுக்கும், ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பாருங்கள். நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையும் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகமும் கட்டணத்துக்குச் செய்து தருகின்றன.

கடல்நீர் மேலிருந்தே கிணற்றுக்குள் விழுந்தால் என்ன செய்வது? 2004 ஆழிப்பேரலை இதைக் கொடூரமாகக் கற்பித்தது. இலங்கைக் கரையோரத்தில் சுமார் 40,000 கிணறுகள் அழிந்தன அல்லது பழுதாகின. கிழக்கில் நல்லெண்ணத்துடன் கிணறுகளை இறைத்து இறைத்துச் சுத்தம் செய்தார்கள். சேற்றை அகற்ற ஒருமுறை இறைத்தது சரி. திரும்பத் திரும்ப இறைத்த இடங்களில் கீழேயிருந்த உப்பும் மேலே வந்துவிட்டது. கடைசியில் கிணறுகளைத் தேற்றியது பருவமழைதான். ஆகவே அலை மோதி மதில் தாண்டிக் கிணற்றுக்குள் கொட்டினால், ஒருமுறை இறைத்துக் குளோரின் இட்டு, பிறகு விட்டுவிடுங்கள்.

இனிக் கொட்டாஞ்சேனை. இங்கே கடல் மணலுக்குப் பதிலாகப் பெரும்பாலும் கபுக் மேடு. கிணற்றில் உப்பு வருவது குறைவு. கிணற்றைப் பற்றிய பயம் இங்கே வேறு: நெருக்கமான குடியிருப்பு, பழைய வடிகால், ப்ளூமெண்டாலில் நெடுங்காலம் கிடந்த குப்பைமேடு. அந்தப் பக்கத்துக் கிணற்றுநீரைக் குடிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து, கருவி எந்த எண்ணைக் காட்டினாலும்.

ஆனால் குழாயில் உப்பு வருவது உண்மைதான். அது வருவது துறைமுகத்தின் வழியாக அல்ல, முகத்துவாரம் வழியாக. கொழும்பின் குழாய்நீரில் பெரும்பங்கு களனி கங்கையில், கழிமுகத்திலிருந்து சுமார் 14 கிலோமீற்றர் உள்ளே, அம்பத்தலேயில் எடுக்கப்படுகிறது. 1886இல் லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து குழாய் வந்த காலத்தில் இந்தத் தொல்லையே இல்லை. நகரம் வளர, ஆற்றை நம்ப வேண்டியதாயிற்று. ஆற்றில் நீரோட்டம் நன்றாக இருக்கும்வரை கடலை அது வெளியே தள்ளும். வறட்சியில் ஓட்டம் மெலிந்ததும் கனமான கடல்நீர் ஆற்றின் அடியால் ஆப்புப்போல நுழையும். இங்கேதான் வற்றுப்பெருக்கு உண்மையிலேயே முக்கியமாகிறது. ஆற்றில் தடையாக மணல் இடுக்குகள் இல்லை. பெருக்கோடு உப்பு ஏறும், வற்றோடு இறங்கும், போயாவையொட்டி மேலும் உள்ளே வரும். மணல் அகழ்ந்து அகழ்ந்து ஆற்றின் அடியைக் கடல்மட்டத்துக்குக் கீழே இறக்கியது நாம்தான். அதனால்தான் வறண்ட காலங்களில் மணல்மூட்டை அடுக்கி உப்புத் தடுப்பணை போட வேண்டி வந்தது.

இதில் வீட்டுக்காரர் செய்யக்கூடியது கொஞ்சம். பெப்ரவரி, மார்ச்சில் நீர்வழங்கல் சபை உப்பு அறிவித்தல் விடுத்தால், சுவை நன்றாயிருக்கும் வேளையில் இரண்டு நாள் குடிநீரைச் சேர்த்து வையுங்கள். இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கும் அந்தத் தண்ணீரை ஒதுக்குங்கள். பக்கத்து வீட்டுக் குழாயில் உப்பில்லாமல் உங்கள் குழாயில் மட்டும் இருந்தால் ஆற்றைத் திட்டாதீர்கள். உங்கள் நிலத்தடித் தாங்கி வெடித்து, வெளிநீர் உள்ளே கசிகிறதா என்று பாருங்கள். மட்டக்குளி, முகத்துவாரம் போன்ற தாழ்நிலங்களில் இதை முதலில் பார்க்க வேண்டும். தாங்கியை ஒருமுறை வெறுமையாக்கிவிட்டு, வழங்கல் குழாயை மூடி, காலையில் உள்ளே தண்ணீர் ஊறியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். கிணற்று மோட்டரையும் குழாய்நீரையும் ஒரே குழாயில் இணைத்திருந்தால் இன்றே பிரித்துவிடுங்கள். அது சட்டத்துக்கும் விரோதம், அயலாரின் வயிற்றுக்கும் கேடு.

வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சவர்த்த கிணற்றுநீரில் கொங்கிறீற் குழைக்க விடாதீர்கள். குளோரைட் உள்ளிருக்கும் கம்பியைத் தின்னும். கூரைத்தளம் வெடித்துக் கம்பி வெளியே தெரியும்போது கொந்தராத்துக்காரர் தொலைபேசியில் அகப்படமாட்டார். பக்கத்துக் காணியில் நிலக்கீழ் வாகனத் தரிப்பிடம் தோண்டி மாதக் கணக்கில் தண்ணீரை இறைத்து வடிகாலில் விடுகிறார்களென்றால், அந்த நாளிலிருந்தே உங்கள் கிணற்று அளவுகளை எழுதி வையுங்கள். மாநகர சபைக்கு முறைப்பாடு எழுதும்போது சவர்க்கிறது என்ற சொல்லைவிடத் திகதியிட்ட எண்களுக்கு மதிப்பு அதிகம்.

கடலிலிருந்து சில நூறு மீற்றருக்குள் உள்ள காணியில் ஆழ்குழாய்க் கிணறு தோண்ட யாராவது விலை சொன்னால் வேண்டாமென்று அனுப்பிவிடுங்கள். அந்தப் பணத்துக்குக் கூரை முழுதும் பீலி போட்டு, உறிஞ்சு குழியும் வெட்டி, கையில் கொஞ்சம் மிஞ்சும். ஒக்டோபர் மழைக்கு முன் அந்த வேலையை முடித்துவிடுங்கள்.